மெய்ப்பிக்கும் சுமை: அமெரிக்காவில் மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வி வழக்குகள்

ஐந்து வயதுக் குழந்தையின் மனவளர்ச்சியை எட்டாத பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று பள்ளி மறுக்க, பென்சில்வேனியா மாநிலச் சட்டம் 1970களின் தொடக்கம்வரை இடம் தந்தது. அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் அமைத்த சங்கம், தாமஸ் கில்ஹூல் என்ற வழக்கறிஞரைக் கொண்டு 1971இல் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. வல்லுநர்களின் சாட்சியத்துக்குப் பின் மாநில அரசு இறங்கி வந்தது. கல்வியால் பயன்பெற முடியாத பிள்ளை என்று எவருமில்லை என்ற அடிப்படையில், 1972இல் இசைவுத் தீர்ப்பு உறுதியானது.

அதே ஆண்டு வாஷிங்டன் நகரில் ஏழு பிள்ளைகளின் சார்பில் நடந்த மில்ஸ் வழக்கில் கல்வி வாரியம் பணமில்லை என்றது. நீதிபதி ஜோசஃப் வாடி அதை ஏற்கவில்லை. பணம் போதவில்லையென்றால் அந்தக் குறையை எல்லாப் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும், மாற்றுத்திறன் பிள்ளைகளின் தலையில் மட்டும் அது விடியக் கூடாது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

இவ்விரண்டும் ஒரு வகுப்பார் அனைவருக்குமான கூட்டு வழக்குகள். ஒரு பெற்றோர் வென்றால் ஊரிலுள்ள எல்லாப் பெற்றோரும் வென்றதாகும். பத்து லட்சம் பிள்ளைகள் பொதுப்பள்ளிக்கு முற்றிலும் வெளியே நிற்கிறார்கள் என்று கண்டு, 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி ஒவ்வொரு மாற்றுத்திறன் பிள்ளைக்கும் இலவசமான, தகுந்த கல்வி உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் எழுதப்பட வேண்டும். திட்டத்தை ஏற்காத பெற்றோர் விசாரணை அலுவலரிடம் முறையிடலாம், அதன்பின் நீதிமன்றம் போகலாம். பிள்ளைக்குப் பிள்ளை தேவை வேறுபடும் என்பதால் இந்த ஏற்பாடு சரியானதே. ஆனால் சங்கம் சேர்ந்து போராடிப் பெற்ற உரிமையை அது ஒவ்வொரு குடும்பத்தின் தனி வழக்காகச் சிதறடித்தும் விட்டது. சட்டம் எவ்வளவு கல்வி தருகிறது என்பதையே ஆய்வாளர்கள் பெரும்பாலும் பேசுகிறார்கள். அதைவிட, யார் எதை மெய்ப்பிக்க வேண்டும், யார் செலவில் என்பதே இவ்வுரிமையின் உண்மையான அளவைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

அளவு பற்றிய கதை சுருக்கமானது. 1982இன் ரவுலி வழக்கில், காது கேளாத சிறுமிக்குச் சைகைமொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று எனத் தீர்த்தது. அவள் வகுப்புக்கு வகுப்பு தேறிவந்தாள். ஓரளவு பயன் கிடைத்தால் போதும் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். வகுப்பில் பேசப்படுவதில் பாதிகூட அவளுக்கு எட்டவில்லை என்று நீதிபதி வைட் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை இன்று படித்தாலும் மனம் கனக்கிறது. அந்தத் தாழ்ந்த அளவுகோலைச் சில மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், அற்பத்துக்குச் சற்று மேல் இருந்தால் போதும் என்ற அளவுக்கு இறக்கின. 2017இன் என்ட்ரூ எஃப். வழக்கில் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதைத் தள்ளினார்கள். பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற, உயர்ந்த இலக்குள்ள முன்னேற்றம் வேண்டும் என்றார்கள். ஆனால் பெற்றோர் அப்பிள்ளையைக் கொலராடோவின் பொதுப்பள்ளியிலிருந்து விலக்கியது 2010இல். கீழ் நீதிமன்றம் இறுதியில் அவர்கள் பக்கம் தீர்த்தது 2018இல். எட்டு ஆண்டுகள் என்பது ஒரு பள்ளிப்பருவத்தின் பெரும்பகுதி.

மெய்ப்பிக்கும் சுமை எவ்வளவு கனமானது என்பதை மேரிலாந்து மாநிலத்து ஷாஃபர் வழக்கு அப்பட்டமாகக் காட்டியது. விசாரணை நீதிபதி இருதரப்புச் சான்றுகளும் நெருங்கியே நிற்கின்றன என்று கண்டார். மெய்ப்பிக்க வேண்டியவர்கள் பெற்றோர் என்று கருதியதால் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்த்தார். மேல் நீதிமன்றம் அச்சுமை பள்ளியுடையது என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதே நீதிபதி, தராசு சமமாக நிற்கிறது என்று சொல்லி இம்முறை பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்த்தார். பிள்ளையும் அவன் தேவையும் மாறவில்லை. சுமை இடம் மாறியது, தீர்ப்பும் மாறியது. 2005இல் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடுப்பவரே மெய்ப்பிக்க வேண்டும் என்று முடிவுகட்டியது. நடைமுறையில் அவர் பெரும்பாலும் பெற்றோர்தான்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஓ'கானரின் காரணங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பதிவேடுகளைப் பார்க்கவும், வெளி வல்லுநரின் மதிப்பீட்டைக் கேட்டுப் பெறவும் பெற்றோருக்குச் சட்டம் வழிவிட்டிருக்கிறது என்றார். எல்லாத் திட்டமும் தவறானது என்ற அனுமானத்தோடு தொடங்குவது பள்ளிகளின் பணத்தை வகுப்பறையிலிருந்து வழக்குமன்றத்துக்கு இழுக்கும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் பதிவேட்டைப் பார்ப்பது வேறு, அதை வைத்து வாதாடுவது வேறு. அன்றாடம் பிள்ளையோடு இருந்த ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் அனைவரும் பள்ளியின் ஊதியம் பெறுபவர்கள். அடுத்த ஆண்டே மர்ஃபி வழக்கில், வென்ற பெற்றோரும் வல்லுநர் கட்டணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்று அதே நீதிமன்றம் கூறியது. அக்குடும்பம் கேட்ட தொகை 29,350 டாலர். வல்லுநரில்லாமல் மெய்ப்பிக்க முடியாது; கூலிவேலை பார்க்கும் தாயால் வல்லுநரைக் கொண்டுவர முடியாது. இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும்.

தனி வழக்கின் கண்ணுக்குப் படாத அநீதியும் உண்டு. 2004இல் டெக்சாஸ் கல்வித் துறை, மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் மட்டுமே சிறப்புக் கல்வி பெறலாம் என்ற இலக்கை வகுத்தது. ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரிந்ததெல்லாம் தம் பிள்ளைக்கு மறுக்கப்பட்டது என்பது மட்டுமே. அதன் பின்னாலிருந்த எண்ணை 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. அது சட்டமீறல் என்று கூட்டாட்சிக் கல்வித் துறை 2018இல் உறுதிசெய்தது.

அண்மைத் தீர்ப்புகள் சில கதவுகளைத் திறந்திருக்கின்றன. மிச்சிகனில் சைகைமொழி தெரியாத உதவியாளர்களோடு காது கேளாத மாணவன் ஒருவனைப் பல்லாண்டு உட்காரவைத்து, நல்ல மதிப்பெண்ணும் போட்டுவிட்டு, முடிவில் பட்டயம் கிடைக்காது என்றது ஒரு பள்ளி மாவட்டம். வேறொரு சட்டத்தின் கீழ் அவன் இழப்பீடு கோரலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது. வலிப்பு நோயால் காலையில் பள்ளிக்கு வர இயலாத மினசோட்டா மாணவியின் வழக்கில், பள்ளிமீது பாகுபாட்டு வழக்குத் தொடுக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதலாகச் சுமத்தப்பட்டிருந்த நிபந்தனையை அந்நீதிமன்றம் 2025இல் நீக்கியது. ஆயினும் தனித்திட்டம் பற்றிய வழக்கில் ஷாஃபர் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

அதை மாற்ற நீதிமன்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று இரு மாநிலங்கள் காட்டியிருக்கின்றன. 2007இல் நியூயார்க்கும் 2008இல் நியூஜெர்சியும் சட்டமியற்றி அச்சுமையைப் பள்ளி மாவட்டத்தின் தோளில் வைத்தன. தாமாகவே தனியார் பள்ளியில் சேர்த்துக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் பெற்றோர், அப்பள்ளி பொருத்தமானது என்பதை மட்டும் நியூயார்க்கில் மெய்ப்பிக்க வேண்டும். மற்றபடி, திட்டத்தை எழுதியவர்களே அது ஏன் அந்தப் பிள்ளைக்குத் தகுந்தது என்று சொல்லியாக வேண்டும்.