வட்டம் குலையாமல் விரிந்த மேசை

விருந்தாளிகள் வந்தால் மேசை பெரிதாக வேண்டும், போனதும் சிறிதாக வேண்டும். இது பழைய ஆசைதான். 16-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் அடியிலிருந்து பலகையை இழுத்து நீட்டும் மேசைகள் இருந்தன. 1800-ல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கில்லோ, சட்டங்கள் வழுக்கி நீளும் மேசைக்குக் காப்புரிமை வாங்கினார்.

ஆனால் இவையெல்லாம் ஒரே திசையில் நீளும், அவ்வளவுதான். வட்ட மேசையைப் பிரித்து நடுவில் பலகை வைத்தால் நீள்வட்டமாகிவிடும். வட்டம் வட்டமாகவே பெரிதாக என்ன வழி?

1835-ல் லண்டனில் ராபர்ட் ஜூப் வழி கண்டுபிடித்துக் காப்புரிமையும் பெற்றார். கேக் வெட்டுவது போல மேற்பலகையை மையத்திலிருந்து எட்டுத் துண்டுகளாக அறுத்தார். அதைப் பிடித்துத் திருகினால் எட்டும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் நகரும். நடுவே நட்சத்திரம் போல இடைவெளி விழும். உள்முனை கூரான எட்டுப் பலகைகளை அதில் சொருகினால், மறுபடி வட்டம்!

கேட்க எளிது, செய்வதுதான் கஷ்டம். எட்டும் சம தூரம் நகர வேண்டும். ஒன்று கொஞ்சம் பிசகினாலும் சொருகுபலகை உட்காராது. மரமோ ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இத்தனை நுணுக்கமான வேலைக்குக் கூலியும் அதிகம். அதனால் இது பணக்கார வீட்டுப் பொருளாகவே இருந்தது.

அன்றைய ஆங்கிலச் சட்டப்படி காப்புரிமை 14 ஆண்டுகள்தான். யோசனை அதைத் தாண்டியும் வாழ்ந்தது. பின்னாளில் இங்கிலாந்தின் டேவிட் ஃப்ளெட்சர் சொருகுபலகைகளை மேசைக்குள்ளேயே ஒளித்து வைத்தார். திருகினால் அவை தாமே மேலெழுந்து இடத்தில் அமர்கின்றன. காப்புரிமைக்கு ஆயுள் உண்டு, நல்ல யோசனைக்கு இல்லை போலும்.