வாய் பிளந்த சொல்

வாயைப் பிளந்துகொண்டு வெறித்துப் பார்ப்பதை ஆங்கிலத்தில் 'கேய்ப்' என்பார்கள். இது வைக்கிங்குகள் மொழியிலிருந்து வந்த சொல்.

793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை வைக்கிங்குகள் கொள்ளையடித்தபோது இங்கிலாந்தே நடுங்கியது. ஆனால், 876-இல் வந்தவர்கள் நார்த்தம்பிரியாவில் நிலத்தைப் பங்குபோட்டு உழத் தொடங்கிவிட்டார்கள். அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழகியதில் அவர்களுடைய பேச்சும் ஆங்கிலத்தில் கலந்தது.

அவர்களின் நார்ஸ் மொழியில் 'காபா' என்றால் வாயை அகலத் திறப்பது. 'காப்' என்றால் பிளவு. முன்னதுதான் 'கேய்ப்' ஆயிற்று. பின்னது, "கொஞ்சம் கேப் விட்டு நில்லுங்க" என்று நாம் சொல்லும் அதே 'கேப்'! தமிழிலும் பாருங்கள், பிளவும் வாய் பிளப்பதும் ஒரே வேர்தான்.

கொள்ளைபோன பொருள் போனதுதான். உழவனாகத் தங்கியவன் தந்த சொல் ஆயிரம் ஆண்டு தாண்டியும் நிற்கிறது.