ஆயி மண்டபம்: கதையும் வரலாறும்

ஆயி மண்டபம் என்பது புதுச்சேரியில் ஆளுநர் மாளிகைக்கு எதிரே, பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளைக் கட்டடம். கிரேக்க, உரோமானியப் பாணியில் அமைந்த இது மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில் (1852–1870) எழுப்பப்பட்டது. இன்று புதுச்சேரி அரசின் சின்னமாக விளங்குகிறது. இதன் தோற்றம் பற்றி ஊரில் வழங்கும் கதை சுவையானது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தம் அமைச்சரைக் காண உழவர்கரைப் பக்கம் வந்தாராம். மாலையில் விளக்குகள் ஒளிர நின்ற ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதும், அவமானம் தாங்காமல் அதை இடிக்க ஆணையிட்டாராம். ஆயி தானே இடித்துவிடுவதாகக் கெஞ்சி, அந்த இடத்தில் ஊர் மக்களுக்காகக் குளம் வெட்டினாள். மூன்று நூற்றாண்டு கழித்து, உப்புநீரால் தவித்த புதுச்சேரிக்கு அந்தக் குளம் இருந்த முத்திரப்பாளையத்திலிருந்துதான் நல்ல தண்ணீர் வந்தது; செய்தி கேட்டு நெகிழ்ந்த பிரெஞ்சுப் பேரரசர் அவள் நினைவாக மண்டபம் கட்டச் சொன்னார் என்று கதை முடிகிறது.

சின்னத்தோடு ஒரு பழங்கதை சேர்ந்துகொள்வது அரிதல்ல. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது, வேட்டி கட்டிய குதிரையாக வந்த போட்டிச் சின்னம் ‘தம்பி’யோடு, சிவபெருமான் சதுரங்கம் ஆடி வென்றதாகச் சொல்லும் பூவனூர்க் கோயிலின் தலபுராணமும் மேடையேறியது. ஆனால் அந்தத் தலபுராணத்தைத் தம்பியின் வரலாறு என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயியின் கதையோ வரலாறாகவே சொல்லப்படுகிறது. அதனால்தான் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரித்தால் மூன்று அடுக்குகள் தெரிகின்றன: குளம் வெட்டிய ஒரு பெண், கோபித்த ஒரு மன்னர், நெகிழ்ந்த ஒரு பேரரசர். இவற்றில் உறுதியாக நிற்பது முதல் அடுக்கே என்பதும், இரண்டு அரசர்களும் பின்னால் வந்து சேர்ந்த அலங்காரம் என்பதும் என் முடிவு.

பேரரசரிலிருந்து தொடங்கலாம். சிலர் இவரை முதலாம் நெப்போலியனாகவே எண்ணிவிடுகிறார்கள். அவர் 1821இல் இறந்தவர். அவர் ஆட்சி நடந்த ஆண்டுகளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது, 1816இல்தான் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தை எடுத்துக்கொண்டால், மண்டபத்துக்குத் தனிப்பட்ட நெகிழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. அன்றைய பிரான்சில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவது அரசின் பெருமைக்குரிய வேலை. வேலை முடிந்த இடத்தில் அழகான கட்டடம் எழுப்புவது வழக்கம். துரான்ஸ் ஆற்று நீர் கால்வாய் வழியே மார்சேய் நகருக்கு வந்ததைக் கொண்டாடத்தான் அங்கே லோன்ஷான் மாளிகை கட்டப்பட்டு 1869இல் திறக்கப்பட்டது. முத்திரப்பாளையத்திலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரம் புதுச்சேரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பணி பொறியாளர் லாமைரெஸ்ஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. மண்டபத்தை அந்தப் பணியின் வெற்றிச் சின்னமாகப் பார்த்தால் அதன் காலம், இடம், பாணி மூன்றும் பொருந்துகின்றன. அப்படியானால் ஆயியின் பெயர் எப்படி வந்தது? லாமைரெஸ், தென்னிந்திய மக்கள் இலக்கியத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து நூலாக்கியவர். முத்திரப்பாளையத்தில் குளத்தங்கரைக் கதையைக் கேட்டிருந்தால் அதைக் காதில் வாங்காமல் போகும் ஆள் அல்ல. இது என் ஊகம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்த பேரரசர் ஒருவர் மனம் உருகினார் என்பதைவிட நம்பத்தக்கது.

மன்னருக்கு வருவோம். கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டார். இந்தக் கடற்கரையும் அவர் ஆட்சிக்கு உட்பட்டதுதான், ஆகவே கதையை ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆட்சி இங்கே எட்டியது என்பதால் நிகழ்ச்சி நடந்ததாகிவிடாது. ஊர்க்கதைகள் தமக்குத் தெரிந்த மிகப் பெரிய அரசனை அழைத்துக்கொள்ளும். ராயரின் பெயரில் நடமாடும் தெனாலிராமன் கதைகளே இதற்குப் போதுமான சான்று. அதைவிட முக்கியமானது வேறொன்று. ஒரு தாசி குளம் வெட்ட அரசனின் கோபம் வேண்டியிருக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் கோயில் ஆடல்மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தியதைக் கல்வெட்டு சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார்கள் நிலமும் பொன்னும் விளக்கும் தம் பெயரிலேயே கொடுத்த கொடைகள் ஏராளம். அந்த மரபில் வைத்துப் பார்த்தால் ஆயி கொடையாளி. கதை அவளைத் தண்டனைக்கு உள்ளானவளாக மாற்றியது. அவள் கொடையைப் பிராயச்சித்தம் ஆக்கியது. தாசி மரபின் மேல் இகழ்ச்சி படிந்த பிற்காலத்து மனம்தான் இந்தத் திருப்பத்தில் பேசுகிறது.

அரசர்களை எடுத்துவிட்டால் கதையின் அழகு போய்விடும் என்பார்கள். விளக்கொளியைக் கோயில் என்று எண்ணிக் கும்பிடும் காட்சி அழகானதுதான். அதைக் கதையாகச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. ஆனால் அரசுச் சின்னமாகிவிட்ட ஒரு கட்டடத்தின் வரலாறாகச் சொல்லும்போது, பெயருக்கு உரியவளை இரண்டு ஆண்களின் கோபத்துக்கும் கருணைக்கும் இடையில் நிறுத்துவது நியாயமல்ல. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற இந்தப் பூங்காவில் தளபதி ஒருவரின் பெயரோ ஆளுநரின் பெயரோ அல்ல, தண்ணீர் தந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர்தான் நிலைத்திருக்கிறது. பூங்காவுக்கு வருவோருக்கு விளக்கம் சொல்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதுபவர்களும் ராயரிலிருந்தோ நெப்போலியனிலிருந்தோ தொடங்காமல், முத்திரப்பாளையத்துக் குளத்திலிருந்து தொடங்க வேண்டும்.