திருவருட்பாவின் அச்சு வரலாறும் அருட்பா – மருட்பா விவாதத்தின் காலவரிசையும்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சமய வரலாற்றில் மேடையிலும் ஏட்டிலும் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டு வரும் நிகழ்வுகளுள் ஒன்று அருட்பா – மருட்பா விவாதம். சாதியையும் சமயத்தையும் கடந்த ஒரு ஞானியை ஆகமச் சைவத்தின் காவலர் எதிர்த்தார் என்பதே அந்நிகழ்வு சொல்லப்படும் பொதுவான முறை. சிதம்பரம் இராமலிங்கர் ஒருபுறமும் யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் மறுபுறமும் நிறுத்தப்படுகின்றனர். வேதாகமங்களையும் சமய ஆசாரங்களையும் மறுத்துரைக்கும் ஆறாம் திருமுறைப் பாடல்கள் விவாதத்தின் காரணமாகச் சுட்டப்படுகின்றன.

இவ்விளக்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நாவலர் தரப்பின் கண்டன நூல் 1869ஆம் ஆண்டை ஒட்டியது. ஆறாம் திருமுறை அச்சேறியதோ 1885இல். நாவலர் மறைந்தது 1879இல். இராமலிங்கர் சித்தி பெற்றதாகக் கொள்ளப்படுவது 1874 சனவரி 30இல். விவாதத்தின் முதன்மை மாந்தர் இருவரும் ஆறாம் திருமுறையை அச்சு நூலாகக் கண்டதில்லை. இந்த எளிய காலக்கணக்கு ஆய்வுகளில் போதிய கவனம் பெறாமையால், விவாதம் எதைப் பற்றியது என்ற வினாவே மங்கலாகிவிட்டது. திருவருட்பா அச்சான வரிசையைக் கொண்டு அவ்வினாவை மீண்டும் எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சுலகை அறிந்த இருவர்

இராமலிங்கர் 1823 அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, 1858 வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். அவரைக் காடும் தனிமையும் நாடிய துறவியாக மட்டும் காட்டும் வரலாறுகள் இச்சென்னை வாழ்வை விரைந்து கடந்துவிடுகின்றன. அக்காலச் சென்னை தமிழ் அச்சுத்தொழிலின் நடுவிடமாக இருந்தது. இராமலிங்கர் 1851இல் ஒழிவிலொடுக்கத்தையும் 1857இல் சின்மய தீபிகையையும் பதிப்பித்தார். அவருடைய உரைநடை நூலாகிய மனுமுறைகண்ட வாசகம் 1854இல் வெளிவந்தது. ஆகவே அவர் பாட்டெழுதிய அடியவர் மட்டும் அல்லர். ஏட்டுச்சுவடியிலிருந்து நூலை அச்சுக்குக் கொண்டுவரும் பணியை அறிந்த பதிப்பாசிரியரும் ஆவார்.

அவரைவிட ஓராண்டு மூத்தவரான நாவலரும் அதே பத்தாண்டில் பெரிய புராணத்தை உரைநடையாக்கி 1852இல் வெளியிட்டவர். சிவனடியார் வரலாற்றை எளிய வசனத்தில் அச்சிட்டுப் பரப்புதல் இருவருக்கும் பொதுவான முயற்சியாக இருந்தது. பின்னாளில் எதிரெதிராக நிறுத்தப்பட்ட இவ்விருவரின் தொடக்கப் பணிகள் இத்துணை நெருங்கியிருந்தமை, விவாதத்தை ஒளிக்கும் இருளுக்குமான போராகக் காண்பவர்க்கு வியப்பளிக்கலாம்.

1867ஆம் ஆண்டுப் பதிப்பு

தம் பாடல்களை அச்சிடுவதில் இராமலிங்கர் ஆர்வம் காட்டவில்லை. ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தவர் தம் பாடல்களுக்கு அதனைச் செய்யாமை தற்செயல் அன்று. 1860களில் இறுக்கம் இரத்தின முதலியாருடன் நடந்த கடிதப் போக்குவரத்து இதற்குச் சான்றாகிறது. பாடல்கள் தம் கைக்கு வந்து சேரும்வரை நாளுக்கு ஒருவேளை உணவே கொள்வதென்று இரத்தின முதலியார் உறுதி பூண்ட பிறகே இராமலிங்கர் இணங்கினார். அவ்வாறு இணங்கியபோதும் தம் பெயரை இராமலிங்கசாமி என்று வழங்குவதில் தமக்கு உடன்பாடு இல்லை எனத் தெளிவாக எழுதினார். அப்பெயர் ஆரவாரத்தன்மை உடையதாகத் தமக்குத் தோன்றுகிறது என்பது அவர் காட்டிய காரணம்.

இக்கடிதம் பெரும்பாலும் அவருடைய அடக்கத்துக்கு எடுத்துக்காட்டாகவே ஆளப்படுகிறது. பதிப்பு வரலாற்று நோக்கில் அதற்கு வேறொரு மதிப்பு உண்டு. தம் பாடல்கள் நூல்வடிவம் பெறும்போது தம் பெயர் எவ்வாறு நிறுத்தப்படும் என்பதை அவர் முன்னரே உணர்ந்திருந்தார் என்பதும், அதனைத் தடுக்க முயன்றார் என்பதும் அதனால் பெறப்படும்.

1867இல் வெளிவந்த நூல் அவ்வெச்சரிக்கையை ஒரு சொல்லளவில் ஏற்றது, பொருளளவில் ஏற்கவில்லை. பதிப்பாசிரியர் அவருடைய முதன்மை மாணவரும் பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக விளங்கியவருமான தொழுவூர் வேலாயுத முதலியார். சாமி என்ற அடை விடப்பட்டது. அதற்கு மாறாகத் திருவருட்பிரகாச வள்ளலார் என்ற அதனினும் உயர்ந்த பெயர் இடம்பெற்றது. பாடல் தொகுதிக்குத் திருவருட்பா என்று பெயர் சூட்டப்பட்டது. பாடல்கள் ஆறு திருமுறைகளாக வகுக்கப்பட்டு அவற்றுள் முதல் நான்கு அச்சிடப்பட்டன. ஆசிரியரையும் நூலையும் புகழ்ந்து வேலாயுத முதலியார் இயற்றிய திருவருட்பா வரலாறு என்ற செய்யுளும் உடன் சேர்க்கப்பட்டது.

இம்மூன்று செயல்களும் மாணவருடையவை. பாடல்களின் சொற்களை மட்டும் நோக்குவோர்க்கு இவை முகவுரைச் செய்திகளாகத் தோன்றலாம். சைவ மரபில் பயின்றவர்க்கு அவ்வாறு தோன்றியிருக்க இயலாது. அருட்பா என்ற பெயர் தேவார திருவாசகங்களுக்கு உரியதாக வழங்கி வந்தது. திருமுறை என்பதோ பன்னிரண்டு என்ற எண்ணோடு பிணைந்து, கோயில் வழிபாட்டில் ஓதப்படும் தகுதியைக் குறித்த சொல். உயிரோடு இருக்கும் ஒருவரின் பாடல்கள் திருமுறை என்ற பெயரோடு அச்சாகி விலைக்கு வருவது, அத்தொகுதி முடிந்துவிடவில்லை என்று அறிவிப்பதற்கு ஒப்பாகும்.

கண்டனத்தின் இலக்கு

போலியருட்பா மறுப்பு என்ற கண்டனம் மாவண்டூர் தியாகேச முதலியார் பெயரால் வெளிவந்தது. அதனை எழுதியவர் நாவலரே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அந்நூல் தாக்கியது எதனை என்பது அதன் பெயரிலேயே உள்ளது. பாடல்களின் கொள்கை போலி என்பதினும், அருட்பா என்ற பெயருக்கு அவை போலி என்பதே அதன் முறையீடு. பாடலாசிரியரைச் சமயகுரவரோடு ஒப்பவைத்தல், பாடல்களைத் திருமுறை என வகுத்தல், அன்பர்களிடையே வழங்கிய அற்புதச் செய்திகள் ஆகியவை அதன் இலக்குகள்.

1867ஆம் ஆண்டு நூலைக் கையில் வைத்துக்கொண்டு நோக்கினால் இக்கண்டனத்தின் தருக்கம் விளங்கும். அந்நூலில் ஒற்றியூரும் தில்லையும் பிற சிவத்தலங்களும் பாடப்படுகின்றன. திருநீறும் ஐந்தெழுத்தும் போற்றப்படுகின்றன. கொள்கையளவில் ஒரு சைவர் மறுத்துரைக்கத்தக்க பகுதி அதில் மிகக் குறைவு. நாவலர் எதிர்கொண்டது தம் சமயத்தை மறுத்த ஒருவரை அன்று. தம் சமயத்தின் உச்ச இடத்துக்குத் தம் காலத்தவர் ஒருவரை உயர்த்திய அன்பர் குழுவை. அயலவரை மறுப்பதைவிட இத்தகைய நெருக்கத்தை மறுப்பதிலேயே கடுமை மிகும் என்பதைச் சமய விவாதங்களைப் பயின்றோர் அறிவர்.

இங்கு ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். இராமலிங்கர் 1865இலேயே சங்கம் ஒன்றை நிறுவினார். 1867 மே 23இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, வேறுபாடின்றிப் பசித்தவர்க்கு உணவளித்தார். அவருடைய பொதுமை நோக்கு அச்சில் வராவிடினும் சொல்லாலும் செயலாலும் பரவியிருக்கக்கூடும். ஆறாம் திருமுறைப் பாடல்களும் யாவும் 1869க்குப் பிற்பட்டவை அல்ல. இவை ஏற்கத்தக்கவையே. ஆயினும் அச்சங்கம் அந்நாளில் சமரச வேத சன்மார்க்க சங்கம் என்றே பெயர் தாங்கியிருந்தது. வேதம் என்ற சொல்லை நீக்கிச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று அப்பெயர் மாற்றப்பட்டது 1872இல்தான். கண்டனம் எழுந்த காலத்தில் இராமலிங்கர் தம் அமைப்பின் பெயரிலேயே வேதத்தை வைத்திருந்தார்.

மஞ்சக்குப்பம் வழக்கும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. 1869இல் நாவலர் தொடுத்த அவ்வழக்கு அவதூறு வழக்கு. சிதம்பரம் கோயிலில் தம்மைப் பற்றிப் பேசப்பட்டதாக அவர் கூறிய சொற்கள் அதற்குக் காரணம். தில்லைத் தீட்சிதர்களின் ஆகம ஒழுக்கம் குறித்து நாவலருக்கும் அவர்களுக்கும் நிலவிய பூசல் அதன் பின்னணி. எதிர்வழக்காளருள் தீட்சிதரும் இருந்தார். நூலை அருட்பா எனலாமா என்று ஆங்கில அரசின் நீதிமன்றம் ஆராய்ந்து தீர்ப்பளித்ததாக வழங்கும் கதைக்கு வழக்கின் தன்மை இடந்தருவதில்லை. இராமலிங்கர் மன்றத்துள் நுழைந்தபோது வாதியாகிய நாவலர் உட்பட யாவரும் எழுந்து நின்றனர் என்ற செய்தி இன்றும் சொற்பொழிவுகளில் இடம்பெறுகிறது. அடியவர் நினைவு எதனைப் பாதுகாக்க விழைந்தது என்பதற்கு அது நல்ல சான்று. வழக்கின் பொருள் யாதென அறிவதற்கு உதவாது.

1872 – 1873: பாடியவர் தரும் சாட்சி

விவாதத்துக்குப் பிந்தைய ஆண்டுகளிலேயே இராமலிங்கரின் நிலைப்பாடு முழுத்தெளிவு பெறுகிறது. 1870இல் அவர் மேட்டுக்குப்பம் சென்று தங்கினார். 1872 சனவரி 25இல் வடலூர்ச் சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 18ஆம் நாளுக்குரியது 1596 அடிகளைக் கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவல். ஆறாம் திருமுறையின் முடிமணியாகக் கருதப்படும் இப்பாடல், கண்டனம் வெளிவந்தபோது இயற்றப்படவேயில்லை.

1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றியபோது அவர் ஆற்றிய உரை பேருபதேசம் என வழங்கும். அவ்வுரையில் தாம் முன்பு சைவ சமயத்தில் வைத்திருந்த பற்று அளவிறந்தது என்றும், அதற்குத் தம் பழைய தோத்திரப் பாடல்களே சாட்சி என்றும், அந்நிலையில் தமக்கு அப்போது அறிவு விளங்காதிருந்தது என்றும் அவர் கூறுகிறார். தம் பாடல் தொகுதிக்குள் ஒரு பிளவு உள்ளது என்பதைப் பாடியவரே அறிவித்த இடம் இது. 1867இல் அச்சான நூல் அவருடைய அளவில் கடந்துபோன ஒரு நிலையின் ஆவணமாகிவிட்டது. மருட்பா என்று பிறர் கூறியதற்கு விடையாக அன்றி, தம் பயணத்தின் கணக்காகவே அவர் இதனைக் கூறினார் என்று கொள்வது பொருந்தும்.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்

ஐந்தாம் திருமுறையை வேலாயுத முதலியார் 1880இல் வெளியிட்டார். திருத்தணிகை முருகன் மீதான பாடல்கள் இதில் அடங்கும். அவை இராமலிங்கரின் சென்னை வாழ்வுக்கு, அதாவது இளமைக்கு உரியவை. எனவே திருமுறை எண்கள் காலவரிசையைக் காட்டுவன அல்ல. ஒன்று முதல் ஆறு வரை படிப்பவர் ஒரு பக்தரின் படிப்படியான வளர்ச்சியைக் காண்பதாக எண்ணினால், அது பகுத்தவரின் அமைப்பைப் பாடியவரின் வாழ்வாகக் கொள்ளும் பிழையாகும். இப்பிழை அண்மைக்கால ஆய்வேடுகளிலும் காணப்படுவது வருந்தத்தக்கது.

ஆறாம் திருமுறை 1885இல் வெளிவந்தபோது அதனை வெளியிட்டவர்கள் வேறு அன்பர்கள். பெயர் சூட்டியவரும் ஆறாக வகுத்தவரும் ஐந்து பகுதிகளை அச்சேற்றியவருமான வேலாயுத முதலியார் ஆறாவதை அச்சிடவில்லை. ஆசிரியரின் கட்டளை அவ்வாறு இருந்தது என்று சன்மார்க்க மரபு கூறும். அக்கட்டளை இருந்திருப்பினும், 1869ஆம் ஆண்டு அனுபவம் மாணவரிடம் ஏற்படுத்திய தயக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதல் நான்கு திருமுறைகளை வெளியிட்டமைக்கே அத்தகைய கண்டனத்தைச் சந்தித்தவர், சமய ஆசாரங்களை நேரே மறுக்கும் பாடல்களின் விளைவை அறியாதிருக்க முடியாது. அவர் அஞ்சினார் என்பதைவிட, தாம் கட்டியெழுப்பிய சைவத் திருமுறை ஆசிரியர் என்ற உருவத்தோடு ஆறாவது பொருந்தாமையைக் கண்டார் என்பதே ஏற்புடைய விளக்கமாகத் தோன்றுகிறது.

பிற்காலப் பதிப்புகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவாதம் மீண்டும் எழுந்தது. நா. கதிரைவேற்பிள்ளை நாவலர் வழியில் நின்றார். மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாவுக்காகப் பேசினர். கதிரைவேற்பிள்ளையின் மாணவரான திரு.வி.க. வழக்கில் சாட்சியாகச் செல்ல நேர்ந்ததால் தம் பள்ளியிறுதித் தேர்வை இழந்தார். இந்த இரண்டாம் சுற்றில் ஆறாம் திருமுறை அச்சில் இருந்தது. முதற் சுற்றையும் இரண்டாம் சுற்றையும் ஒரே விவாதத்தின் தொடர்ச்சியாக எழுதியதன் வாயிலாகவே ஆறாம் திருமுறை 1869க்குள் புகுந்திருக்க வேண்டும்.

ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாகக் கொணர்ந்த பதிப்பு, பாடல்களோடு உரைநடையையும் திருமுகங்களையும் உபதேசங்களையும் சேர்த்தது. மேலே காட்டப்பட்ட கடிதச் சான்றுகள் ஆய்வாளர்க்கு எட்டியது அத்தகைய உழைப்பால்தான். ஊரன் அடிகளின் 1972ஆம் ஆண்டுப் பதிப்பு பாடல்களைக் கால முறையில் அமைக்க முயன்றது. இவ்விரு பதிப்புகளும் கிடைத்தபின், 1867ஆம் ஆண்டு நூலின் அமைப்பைத் தனியே எடுத்து ஆராய்வது எளிதாயிற்று. ஆனால் முழுத்தொகுதியை ஒரே நூலாகப் படிக்கும் பழக்கமும் அவற்றோடே வலுப்பெற்றது. நாவலரும் அவர் தரப்பினரும் எழுதியவற்றை இராமலிங்கரின் எந்தப் பாடலோடு பொருத்துவதாயினும், அப்பாடல் 1867இல் அச்சான நான்கு திருமுறைகளுள் உள்ளதா என்பதை முதலில் சரிபார்த்தல் வேண்டும்.