மின்னஞ்சல் கையொப்பமும் குறியாக்கமும்: ஒரு வரலாறு

மின்னஞ்சலில் எண்ணிமக் கையொப்பம் இடுவது, அதை எழுதியவர் இன்னார் என்பதையும் வழியில் எவரும் திருத்தவில்லை என்பதையும் உறுதிசெய்யும் முறையாகும். குறியாக்கம் என்பது, உரிய பெறுநரைத் தவிர வேறு எவரும் படிக்க முடியாதபடி மடலை மாற்றியமைப்பதாகும். இவ்விரண்டையும் செய்ய இன்று இரண்டு சீர்தரங்கள் வழக்கில் உள்ளன. ஒன்று சான்றிதழ்களை அடிப்படையாகக் கொண்ட எஸ்/மைம், மற்றொன்று ஓப்பன்பிஜிபி. இரண்டுக்கும் அடிப்படையான கணிதம் ஒன்றே. ஆனால் "இந்தத் திறவுகோல் இன்னாருடையதுதான் என்பதற்கு யார் சாட்சி?" என்ற கேள்விக்கு இரண்டும் வெவ்வேறு விடை தருகின்றன.

பின்னணி

1971 ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் ஆர்ப்பாநெட் வலையமைப்பின் வழியே, ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். 1982 இல் ஜான் போஸ்டல் எழுதிய எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறை வெளியானது. ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த சிறிய வலையமைப்புக்காக உருவான இந்நெறிமுறையில் அனுப்புநரின் பெயரைச் சோதிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. அஞ்சல் உறையின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது போல, மின்னஞ்சலிலும் எவர் முகவரியையும் அனுப்புநராகக் குறிக்க முடிந்தது. மேலும், மடல் கடந்து செல்லும் ஒவ்வொரு வழங்கியிலும் அதை அஞ்சலட்டையைப் போலப் படிக்கவும் முடிந்தது.

இரட்டைத் திறவுகோல்

பழைய குறியாக்க முறைகளில் பூட்டவும் திறக்கவும் ஒரே திறவுகோல் பயன்பட்டது. எனவே, இரகசிய மடல் அனுப்புவதற்கு முன்பே அந்தத் திறவுகோலை இரகசியமாகக் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. 1976 நவம்பரில் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் இதற்கு மாற்றாகப் பொதுத் திறவுகோல் என்ற கருத்தை வெளியிட்டனர். 1977 இல் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகியோர் அக்கருத்துக்குச் செயல்வடிவம் கொடுத்தனர். அது அவர்களின் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆர்எஸ்ஏ எனப்படுகிறது. பிரித்தானிய உளவுத்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் எல்லிஸ், கிளிஃபர்டு காக்ஸ், மால்கம் வில்லியம்சன் ஆகியோர் 1970களின் முற்பகுதியிலேயே இதே கருத்துகளைக் கண்டறிந்திருந்தனர் என்பது 1997 இல்தான் வெளியே தெரிந்தது.

இம்முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு திறவுகோல்கள் உண்டு. பொதுத் திறவுகோலை எவரிடமும் கொடுக்கலாம். தனித் திறவுகோலை உரியவர் மட்டுமே வைத்திருக்க வேண்டும். பொதுத் திறவுகோலால் பூட்டிய மடலைத் தனித் திறவுகோலால் மட்டுமே திறக்க முடியும். கையொப்பம் இதற்கு எதிர்த்திசையில் நடக்கிறது. மடலிலிருந்து ஒரு குறுகிய எண் கணக்கிடப்பட்டு, அது அனுப்புநரின் தனித் திறவுகோலால் முத்திரையிடப்படுகிறது. அவருடைய பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் அதைச் சரிபார்க்கலாம். மடலில் ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு பொருந்தாது.

1977 ஆகஸ்டில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் 129 இலக்க எண்ணால் பூட்டிய ஒரு செய்தி, 100 டாலர் பரிசுடன் புதிராக வெளியிடப்பட்டது. 1994 ஏப்ரலில், ஏறத்தாழ 600 தன்னார்வலர்களின் கணினிகள் எட்டு மாதங்கள் உழைத்து அதை விடுவித்தன. கணினிகளின் ஆற்றல் வளர வளரத் திறவுகோலின் நீளமும் கூட வேண்டும் என்பதை இது காட்டியது.

சான்றிதழின் தோற்றம்

பொதுத் திறவுகோலை எவரிடமும் கொடுக்கலாம் என்பதால் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. ஒருவர் தம் திறவுகோலை வேறொருவர் பெயரில் கொடுத்து ஏமாற்றினால் என்ன செய்வது? தொலைபேசி விவரத் திரட்டைப் போன்ற ஒரு பொதுப் பட்டியலை டிஃபியும் ஹெல்மனும் முன்வைத்தனர். ஒவ்வொரு முறையும் பட்டியலைக் கேட்டுப் பார்ப்பதைவிட எளிய வழியை, 1978 இல் லோரன் கோன்ஃபெல்டர் என்ற மாணவர் தம் இளநிலைப் பட்ட ஆய்வேட்டில் கூறினார். பெயரையும் திறவுகோலையும் ஒரே தாளில் இணைத்து, நம்பகமான ஒருவர் அதில் எண்ணிமக் கையொப்பம் இட்டுக் கொடுத்துவிடலாம் என்பதே அவ்வழி. இதற்கு அவர் சான்றிதழ் என்று பெயரிட்டார்.

பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கொண்டு இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். புதிய பள்ளிக்கு அந்த மாணவரைத் தெரியாது. ஆனால் தலைமையாசிரியரின் கையொப்பமும் பள்ளி முத்திரையும் உள்ளன. அப்பள்ளிக்கு அங்கீகாரம் தந்த கல்வித்துறையை இரு பள்ளிகளும் ஏற்கின்றன. எண்ணிமச் சான்றிதழிலும் இவ்வாறே சான்றிதழ் வழங்குநர், அவருக்குச் சான்று தரும் மூல வழங்குநர் என ஒரு சங்கிலி அமைகிறது. 1988 இல் வெளியான எக்ஸ்.509 என்ற சீர்தரம் இதன் வடிவத்தை வரையறுத்தது. உரியவர் பெயர், பொதுத் திறவுகோல், வரிசை எண், செல்லுபடியாகும் காலம், வழங்குநரின் பெயர், அவரது கையொப்பம் ஆகியவை இதில் இடம்பெறும்.

பெம்: முதல் முயற்சி

மின்னஞ்சலுக்கென உருவான முதல் பாதுகாப்புச் சீர்தரம் பெம் ஆகும். இதன் முதல் வரைவு 1987 இலும் முழு வடிவம் 1993 பிப்ரவரியிலும் வெளியாயின. உலகம் முழுவதற்கும் ஒரே மூல வழங்குநர் இருக்க வேண்டும் என்று இது கருதியது. அத்தகைய பொது அமைப்பு நடைமுறையில் வேரூன்றவில்லை. மேலும், படங்களையும் கோப்புகளையும் இணைக்கும் மைம் முறை 1992 இல் வந்தபின், வெறும் உரைக்கென அமைந்த பெம் பின்தங்கியது. திறவுகோல்களைச் சேமிக்கும் கோப்புகளின் வடிவத்தில் மட்டும் அதன் பெயர் இன்றும் நிலைக்கிறது.

பிஜிபி: அறிந்தோர் சாட்சி

1991 ஜூனில் அமெரிக்க மென்பொருளாளர் பில் சிம்மர்மன் பிஜிபி என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். இதில் மைய வழங்குநர் எவரும் இல்லை. ஒருவர் தாம் அறிந்தவரின் திறவுகோலில் கையொப்பமிட்டு அதற்குச் சாட்சியாகிறார். ஊரில் புதியவரை ஒருவர், "இவர் எனக்குத் தெரிந்தவர்" என்று அறிமுகம் செய்வது போன்றது இது. இவ்வமைப்பு நம்பிக்கை வலை எனப்படுகிறது.

அக்காலத்தில் அமெரிக்கச் சட்டம் வலுவான குறியாக்க மென்பொருளைப் போர்த்தளவாடமாகக் கருதியது. பிஜிபி இணையம் வழியே வெளிநாடுகளுக்குப் பரவியதால், 1993 இல் சிம்மர்மன் மீது குற்றவியல் விசாரணை தொடங்கியது. 1995 இல் எம்ஐடி பதிப்பகம் பிஜிபியின் மூலநிரல் முழுவதையும் அச்சு நூலாக வெளியிட்டது. மென்பொருளுக்கு இருந்த ஏற்றுமதித் தடை அச்சு நூலுக்கு இல்லை. 1996 ஜனவரியில் குற்றச்சாட்டு ஏதும் பதியப்படாமல் விசாரணை கைவிடப்பட்டது. 1997 இல் நூல்களாக ஐரோப்பாவுக்கு வந்த மூலநிரல், அங்கு பக்கம் பக்கமாக வருடப்பட்டு மீண்டும் மென்பொருளானது. 1998 இல் ஓப்பன்பிஜிபி சீர்தரமும், 1999 இல் வெர்னர் கோச் எழுதிய குனூபிஜி என்ற கட்டற்ற மென்பொருளின் 1.0 பதிப்பும் வெளியாயின.

எஸ்/மைம்

1995 இல் ஆர்எஸ்ஏ டேட்டா செக்யூரிட்டி நிறுவனம் பிற மென்பொருள் நிறுவனங்களுடன் சேர்ந்து எஸ்/மைம் முறையை வகுத்தது. இது எக்ஸ்.509 சான்றிதழ்களையும் மைம் வடிவத்தையும் இணைத்தது. பெம் போல ஒரே மூல வழங்குநரை இது வலியுறுத்தவில்லை. நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஆகிய மென்பொருள்களில் 1997 முதல் இவ்வசதி உள்ளிணைக்கப்பட்டு வந்தது. இரண்டாம் பதிப்பு 1998 மார்ச்சிலும், மூன்றாம் பதிப்பு 1999 ஜூனிலும் வெளியாயின.

ஏற்றுமதிச் சட்டத்தின் தடம் இதிலும் உண்டு. தொடக்கப் பதிப்புகள் 40 பிட் திறவுகோலை ஏற்க வேண்டியிருந்தது. அதில் சாத்தியமான திறவுகோல்கள் சுமார் 1.1 இலட்சம் கோடி. பெரிய எண்ணாகத் தோன்றினாலும், கணினிகள் ஒவ்வொன்றாக முயன்று கண்டுபிடிக்கக்கூடிய அளவே இது. 2000 ஜனவரியில் அமெரிக்கா ஏற்றுமதி விதிகளைப் பெரிதும் தளர்த்தியது.

எஸ்/மைம் மடல் ஒன்று கீழ்க்காணுமாறு உருவாகிறது:

• மென்பொருள் அந்த மடலுக்கு மட்டும் உரிய ஒரு திறவுகோலை உருவாக்கி, உள்ளடக்கத்தைக் குறியாக்கம் செய்கிறது.
• அத்திறவுகோலை ஒவ்வொரு பெறுநரின் பொதுத் திறவுகோலாலும் தனித்தனியே பூட்டி மடலுடன் சேர்க்கிறது.
• கையொப்பமிட்ட மடலில் அனுப்புநரின் சான்றிதழும் வழக்கமாக இணைந்து செல்கிறது. எனவே, ஒருவரிடமிருந்து கையொப்பமிட்ட மடல் வந்துவிட்டால் அவருக்குக் குறியாக்கம் செய்த மறுமொழி அனுப்பலாம்.

அனுப்புநர், பெறுநர் முகவரிகளும், பொதுவாகப் பொருள் வரியும் மறைக்கப்படுவதில்லை. தனித் திறவுகோல் தொலைந்துபோனால் அதற்கெனப் பூட்டப்பட்ட பழைய மடல்களைத் திறக்க முடியாது.

சட்ட ஏற்பு

இந்தியாவில் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் எண்ணிமக் கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. சான்றிதழ் வழங்குநர்களுக்கு உரிமம் அளிக்கச் சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் என்ற பதவி உருவானது. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் இதற்கு வழிசெய்தது. எனினும், இந்தியாவில் இச்சான்றிதழ்கள் நிறுவனப் பதிவுகள், வரி விவரங்கள், மின் ஒப்பந்தப்புள்ளிகள் ஆகியவற்றில் பயன்படும் அளவுக்கு மின்னஞ்சலில் பயன்படவில்லை.

பரவலாகாத காரணங்கள்

1999 இல் அல்மா விட்டன், டைகர் ஆகிய ஆய்வாளர்கள் 12 பேரிடம் பிஜிபி 5.0 மென்பொருளைக் கொடுத்துச் சோதித்தனர். 90 நிமிடங்களில் மூன்றில் ஒரு பங்கினரே மடலைச் சரியாகக் கையொப்பமிட்டுக் குறியாக்கம் செய்தனர். மூவர் இரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டனர். 2012 டிசம்பரில் எட்வர்டு சுனோவ்டன் இதழாளர் கிளென் கிரீன்வால்டைத் தொடர்புகொண்டு பிஜிபி நிறுவுமாறு கேட்டார். கிரீன்வால்டு அதை நிறுவாமல் விட்டதால், சுனோவ்டன் ஆவணப்பட இயக்குநர் லாரா பொய்ட்ரஸை நாடினார்.

சாட்சியே தவறும் ஆபத்தும் உண்டு. 2011 இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் வழங்குநரின் கணினிகளில் ஊடுருவியவர்கள் 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினர். அவை பெரும்பாலும் இணையத்தளங்களுக்கானவை. ஆனால் மின்னஞ்சல் சான்றிதழும் அதே நம்பிக்கைச் சங்கிலியையே சார்ந்தது. அந்நிறுவனம் அதே செப்டம்பரில் திவாலானது. 2018 மே மாதத்தில் வெளியான ஈஃபெயில் ஆய்வு, குறியாக்கம் செய்த மடலைத் தந்திரமாகத் திருத்தி அனுப்பினால், பெறுநரின் மென்பொருளே அதைத் திறந்து உள்ளடக்கத்தை வெளியே கசியவிடும் என்று காட்டியது.

இன்றைய நிலை

2019 இல் வெளியான எஸ்/மைம் 4.0 பதிப்பு, திருத்தப்பட்ட மடலைக் கண்டறியும் குறியாக்க முறைகளைச் சேர்த்தது. மின்னஞ்சல் சான்றிதழ் வழங்குவதற்கான பொது விதிகள் 2023 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளன. தண்டர்பேர்டு மென்பொருளில் 2020 முதல் ஓப்பன்பிஜிபி வசதியும் உள்ளிணைக்கப்பட்டுள்ளது. அரசுத் துறைகள், பெருநிறுவனங்கள், இதழாளர்கள் ஆகியோரிடமே இம்முறைகள் அதிகம் புழங்குகின்றன.

எண்ணிமக் கையொப்பம் சரியாக இருந்தால், குறிப்பிட்ட தனித் திறவுகோலைக் கொண்டு அம்மடல் ஒப்பமிடப்பட்டது என்பதும், பின்னர் மாற்றப்படவில்லை என்பதும் தெளிவாகும். மடலில் சொல்லப்பட்டது உண்மையா என்பதை அது சொல்லாது. அத்திறவுகோல் திருடப்பட்டிருந்தால், திருடியவரின் கையொப்பமும் சரியானதாகவே காட்டும். எனவேதான் திறவுகோல் பறிபோனது தெரிந்தவுடன் சான்றிதழை விலக்கும்படி வழங்குநரிடம் கோருவது, பயன்படுத்துவோரின் முதல் கடமையாகக் கருதப்படுகிறது.