அகதி முகாம்களில் உயிர் காக்கும் எளிய மருந்துகள்

அகதிகளுக்கு மருத்துவ உதவி என்றதும் குண்டுக்காயங்களும் அறுவைச் சிகிச்சைக் கூடாரங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. போர்முனையில் அவை அவசியம். ஆனால் எல்லை தாண்டி வந்து முகாம்களில் நெருக்கியடித்து வாழும் மக்களை அதிகம் அச்சுறுத்துபவை காலரா, வயிற்றுப்போக்கு, தட்டம்மை, நிமோனியா போன்ற நோய்களே. இவற்றைத் தடுக்கும் வழிகள் எளியவை, செலவும் குறைவு. வங்காள மண்ணில் நடந்த இரண்டு நிகழ்வுகள் இதை நமக்குக் காட்டுகின்றன.

1971 போரின்போது கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான போங்கானில் காலரா பரவியது. மருத்துவமனையில் படுக்கைகள் போதவில்லை. நரம்பு வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கு பணியாற்றிய மருத்துவர் திலீப் மஹலானபிஸ் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கரைசல் தயாரித்து, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்து ஊட்டச் சொன்னார்.

காலராவிலும்கூட, குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பை உறிஞ்சும். உப்புடன் நீரும் உடலில் சேரும். இது முன்பே ஆய்வுகளில் தெரிந்திருந்தது. ஆனால் பயிற்சி பெறாதவர்கள் கையில் இதைக் கொடுக்கலாமா என்ற தயக்கம் இருந்தது. அவரது பராமரிப்பில் இருந்தவர்களில் இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தபோது அந்தத் தயக்கத்துக்குப் பதில் கிடைத்தது. இன்று நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததே.

2017 ஆகஸ்ட் 25க்குப் பின், மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் பங்களாதேஷின் காக்ஸ் பஜாருக்குத் தப்பி வந்தனர். காலரா வரும் முன்பே, அக்டோபர் 10 அன்று, வாய்வழித் தடுப்பு மருந்து வழங்கும் பணி தொடங்கியது. இதற்காக 9 லட்சம் டோஸ்கள் தருவிக்கப்பட்டன. அஞ்சிய பெரும் காலராப் பரவல் ஏற்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நவம்பரில் தொண்டை அடைப்பான் எனும் டிஃப்தீரியா முகாம்களில் தலைகாட்டியது. ராக்கைனில் இம்மக்களின் குழந்தைகள் பலருக்கு வழக்கமான தடுப்பூசிகள் கிடைத்திருக்கவில்லை. நோய்நச்சை முறிக்கும் மருந்தோ உலகெங்கும் பற்றாக்குறையாக இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஊரில் மறுக்கப்பட்ட தடுப்பூசிக்கு முகாமில் உயிரை விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

உதவ விரும்பும் நாம் கவனிக்க வேண்டியது இதுதான். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைச் சேகரித்து அனுப்புவது பெரும்பாலும் பயன் தராது. நோயாளிகளிடமிருந்து திரும்பப் பெற்ற மருந்துகளை நன்கொடையாக அளிக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். களத்தில் பணியாற்றும் நம்பகமான அமைப்புகளுக்குப் பணமாகக் கொடுத்தால், அவர்கள் குடிநீர், கழிப்பறை, தடுப்பூசி என அங்கு தேவையானதை வாங்குவார்கள். நமது சதகா அங்கே சுத்தமான ஒரு குவளை நீராக மாறினாலும் அது மருத்துவ உதவியே.