ஒரே பெட்டிக்குள் இரண்டு மின்சுற்று

எடிசன் என்றால் மின்விளக்குதான் நினைவுக்கு வரும். ஆனால் அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது செம்புக் கம்பி! 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அவர் தொடங்கிய மின்நிலையம் 110 வோல்ட் நேர்மின்சாரத்தை இரண்டு கம்பிகளில் அனுப்பியது. அதற்குத் தடித்த செம்பு தேவைப்பட்டது. செலவோ தாங்கவில்லை.

இதற்கு அவர் கண்ட வழி மூன்று கம்பி முறை. இரண்டு ஜெனரேட்டர்களைத் தொடராக இணைத்து, நடுவில் ஒரு பொதுக் கம்பி. ஒரு பக்கம் 10 ஆம்பியரும் மறுபக்கம் 8 ஆம்பியரும் ஓடினால் நடுக்கம்பியில் மிச்சமுள்ள 2 ஆம்பியர் மட்டுமே ஓடும். செம்பில் பாதிக்கு மேல் மிச்சம்! இங்கிலாந்தில் ஜான் ஹாப்கின்சனும் இதையே தனியாகக் கண்டுபிடித்திருந்தார். 1883 ஜூலை 4 அன்று பென்சில்வேனியாவின் சன்பரி ஊரில் எடிசனின் மூன்று கம்பி முறை வேலை செய்யத் தொடங்கியது.

பின்னர் அமெரிக்கா மாறுமின்சாரத்துக்கு மாறினாலும் இந்த முறை போகவில்லை. அங்குள்ள வீடுகளுக்கு இன்றும் இரண்டு 120 வோல்ட் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. எலக்ட்ரீஷியன்களும் அதே சிக்கனத்தை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். கறுப்பு, சிவப்பு என இரண்டு சுற்றுகள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே வெள்ளை நியூட்ரல். (நம் ஊரில் நியூட்ரல் கறுப்பு, அங்கே கறுப்பில்தான் மின்சாரம்!)

ஆபத்து சுவரிலுள்ள இணைப்புப் பெட்டிக்குள் இருந்தது. ஒருவர் கறுப்புக் கம்பியின் பிரேக்கரை அணைக்கிறார். டெஸ்டர் எரியவில்லை. தைரியமாக வெள்ளைக் கம்பியின் முடிச்சைப் பிரிக்கிறார். ஆனால் அதில் சிவப்புச் சுற்றின் மின்சாரம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. முடிச்சு பிரிந்ததும், எரிந்துகொண்டிருந்த விளக்குகளின் வழியாக ஒரு முனைக்கு 120 வோல்ட் வந்துவிடும். இரண்டு முனைகளும் அவர் கைகளில்!

இரண்டு பிரேக்கர்களும் உயிரோடு இருக்கும்போது நியூட்ரல் கழன்றால் வேறு விபரீதம். இரு பக்கத்துச் சாதனங்களும் தொடராகி 240 வோல்ட்டை ஏற்றத்தாழ்வாகப் பங்கிட்டுக்கொள்ளும். சிறிய சாதனம் கருகும். தவறுதலாக இரு சுற்றுகளையும் ஒரே பக்கத்தில் இணைத்தாலோ, கழிய வேண்டிய 10-ம் 8-ம் கூடி நியூட்ரலில் 18 ஆம்பியர் ஓடும். நியூட்ரலைத் தனியாகக் கண்காணிக்க எந்த பிரேக்கரும் கிடையாது.

அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு 1897-லேயே வந்துவிட்டது. வீடுகளில், ஒரே சாதனத்துக்கு இரு சுற்றுகளும் வந்தால் சேர்த்து அணைக்க வேண்டும் என்ற அளவில்தான் விதி நெடுநாள் இருந்தது. நியூட்ரலைப் பகிரும் எல்லாச் சுற்றுகளும் ஒரே நேரத்தில் அணைய வேண்டும் என்றது 2008-ஆம் ஆண்டுப் பதிப்புதான். சன்பரிக்குப் பிறகு 125 ஆண்டுகள்! தேவைப்பட்டதோ, இரண்டு பிரேக்கர்களின் பிடிகளையும் சேர்த்துப் பிணைக்கும் ஒரு சிறு துண்டு. புதிய விதி பொதுவாகப் பழைய வேலைகளைக் கட்டுப்படுத்தாது என்பதால், அங்குள்ள பழைய வீடுகளில் பிணைக்கப்படாத சுற்றுகள் இன்னும் இருக்கின்றன.